சத்தியத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளை

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதிலும் மழை பெய்தால் வீட்டில் நிறுத்திவிடுவார்கள், எங்கள் பக்கத்தில் மழை பெய்யாத நாள் குறைவு. இப்போது மறதியும் வந்துவிட்டது. காலையில் வைத்த சாவி மாலையில் கிடைப்பதில்லை. பழையது நினைவில் இருக்கிறது, ஆனால் எது முன்னால் நடந்தது எது பின்னால் நடந்தது என்று சில சமயம் மாறிப்போகிறது.

இதை எழுதச் சொன்னது டீச்சர். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும், நாங்கள் பிள்ளைக் காம்பரா என்று சொன்ன இடத்துக்கு இப்போது வேறு பெயர் வைத்து, வர்ணம் அடித்து, சுவரில் யானையும் முயலும் வரைந்திருக்கிறார்கள். அங்கே இருக்கும் டீச்சர் சின்னப் பெண், தங்கமான பிள்ளை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டாள்.

"நீங்க ஆயாவா இருந்தப்ப இங்க என்னென்ன சட்டம் இருந்திச்சு ஆயம்மா? எழுதிக் குடுங்களேன்."

"எல்லாம் பலகைல இருந்திச்சு" என்றேன்.

"பலகைல இல்லாததும் இருந்திருக்கும்ல? யாரும் எழுதி வைக்காம மனுசங்களுக்குக் கூடவே பொறந்த சட்டம்னு ஒன்னு இருக்குன்னு படிச்சவங்க சொல்லுவாங்க. அதுல ஏதாச்சும் எழுதுங்க."

படித்தவர்கள் சொல்வது எனக்குத் தெரியாது. ஆனால் அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு ஒரே ஒரு நாள்தான் நினைவுக்கு வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் பலாங்கொடையிலிருந்து பஸ் ஏறி மேலே வரவேண்டிய இடம். நான் சொல்வது கம்பெனிக்காரர்கள் தோட்டத்தை எடுத்துக் கொஞ்ச காலம் ஆன பிறகு. தொண்ணூற்று நான்கோ ஐந்தோ. எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயதுக்கு மேல். வீட்டுக்காரர் தவறிவிட்டார். பிள்ளை இல்லை. கொழுந்தெடுக்க முடியாமல் முட்டியில் நோவு வந்ததால் பிள்ளைக் காம்பராவில் போட்டார்கள்.

காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போகும் முன் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். நீளமான ஒரே காம்பரா, தகரக் கூரை. உத்தரத்தில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். பால் குடிக்கும் பிள்ளைகளின் தாய்மார் பத்து மணி போல ஒரு தரமும் இரண்டு மணிக்குப் பிறகு ஒரு தரமும் ஓடிவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். சுவரில் ஒரு பலகை இருந்தது. இங்கிலீசிலும் சிங்களத்திலும் எழுதியிருந்தது. சிங்களம் எனக்குப் பேச வரும், வாசிக்க வராது. வேலைக்குச் சேர்ந்த அன்று கணக்கப்பிள்ளை ஐயா அதை எனக்குத் தமிழில் சொன்னார். பிள்ளையைத் தாய் தகப்பன் கையில்தான் கொடுக்கவேண்டும். காய்ச்சல் பிள்ளையைச் சேர்க்கக்கூடாது. அவரவர் பிள்ளைக்கு அவரவர் தாய்தான் பால் கொடுக்கவேண்டும். இதை மீறினால் வேலை போய்விடும் என்று கடைசியில் சொன்னார். நான் தலையாட்டினேன். யார் எது சொன்னாலும் தலையாட்டுகிற ஆள்தான் நான்.

இனி சேவல் கதையைச் சொல்லவேண்டும். அது இல்லாமல் மற்றது விளங்காது.

வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இரண்டு குடும்பம். ஒன்று கடைசிக் காம்பரா. அதற்கு முந்தினது சேவல் வீடு. அந்தப் பெயர் பிறகு வந்தது. அந்த வீட்டில் ஒரு செம்பட்டைச் சேவல் இருந்தது. ஒரு நாள் அதைக் காணவில்லை. அதே நாள் கடைசிக் காம்பராவிலிருந்து கறி வாசம் வந்துவிட்டது. அதற்கு மேல் கேட்கவேண்டுமா? சேவல் வீட்டு அம்மாவுக்குப் பெரிய தொண்டை. இந்த மலையில் நின்று பேசினால் அடுத்த மலையில் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்பார்கள். வாய்ச்சண்டை மூன்று நாள் நடந்தது. கடைசியில் மாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள்.

கடைசிக் காம்பரா பெரியவர் கற்பூரத்தைக் கொளுத்தி, "சேவல நாங்க தொடல" என்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்தார். அத்தோடு முடிந்திருக்கும். சேவல் வீட்டு அம்மா விடவில்லை. அவரும் இன்னொரு கற்பூரத்தை வைத்தார்.

"இன்னையிலருந்து அந்த வீட்டுல இருந்து ஒரு சொட்டு எங்க வீட்டு வாயில பட்டா, ஆத்தா எங்க கண்ணப் புடுங்கிக்கட்டும்" என்று சொல்லி அவரும் அடித்து அணைத்தார்.

பத்து நாள் கழித்துக் கீழே கிராமத்திலிருந்து ஒரு சிங்களப் பெண் கக்கத்தில் சேவலை இடுக்கிக்கொண்டு மேலே வந்தாள். "மே குக்குளா ஒயாலகெத?" என்று கேட்டாள். உங்கள் சேவலா என்று. அவர்கள் வீட்டுக் கோழிகளோடு சேர்ந்துகொண்டு போக மாட்டேன் என்கிறதாம். லயமே வாசலுக்கு வந்து சிரித்தது. கடைசிக் காம்பரா பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சேவல் வந்துவிட்டது. ஆனால் கற்பூரம் அடித்துச் சொன்னதை எப்படித் திரும்ப எடுப்பது? அது யாருக்கும் தெரியவில்லை. கேட்கவும் யாருக்கும் துணிவில்லை. அதனால் அப்படியே நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் பிடிக்கும் பீலியில் அந்த வீட்டுக் குடம் இருந்தால் இந்த வீட்டுக் குடம் தள்ளி நிற்கும். தீபாவளிப் பலகாரத் தட்டு லயம் முழுக்கப் போகும், ஒரு வாசலை மட்டும் தாண்டிவிடும்.

இரண்டு வருடம் போனது. சேவல் வீட்டு மகனுக்குக் கலவானைப் பக்கம் பெண் எடுத்தார்கள். அமைதியான பிள்ளை. அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு மூன்று மாதம் முன்னால் கடைசிக் காம்பரா மருமகளுக்கு ஆண் குழந்தை. இரண்டு குழந்தையும் என்னிடம்தான் வந்தன. சேவல் வீட்டு அம்மா முதல் நாளே வந்து, "எங்க தொட்டில அந்தக் கோடியில கட்டு" என்றார். கட்டினேன். இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று.

அந்த நாள் ஐப்பசி மாதம். சேவல் வீட்டு மருமகள் இருந்த கொழுந்துக் கூட்டத்தைப் பத்தாம் நம்பர் மலைக்கு அனுப்பியிருந்தார்கள். அது ஓடைக்கு அந்தப் பக்கம். இரண்டு மரத்தைப் போட்ட பாலத்தில்தான் போகவேண்டும், அதை நாங்களும் சிங்களத்தில் ஏதண்ட என்றுதான் சொல்வோம். பத்து மணிக்கு அவள் வந்து பால் கொடுத்துவிட்டுப் போனாள். பதினொன்றரைக்கு மழை பிடித்தது. மேலே காட்டில் எங்கோ பெரிய மழை. தகரத்தில் விழுந்த சத்தத்தில் பிள்ளைகள் அழுவதுகூடக் கேட்கவில்லை.

இரண்டு மணிக்கு மேல் கங்காணி படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏதண்ட முங்கிப் போச்சு ஆயா. பத்தாம் நம்பர்ப் பொம்பளைங்க எல்லாம் அந்தப் பக்கம் நிக்கிறாங்க. தண்ணி எறங்குனாத்தான் வர முடியும்."

"பால்குடிப் புள்ள இருக்கே."

"தண்ணிக்கு யாரு போய்ச் சொல்றது?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

குழந்தை அதற்கு முன்பே அழத் தொடங்கியிருந்தது. நாலு மாதம். சீனித் தண்ணீர் காய்ச்சி ஆறவைத்து சின்னக் கரண்டியால் கொடுத்தேன், துப்பிவிட்டது. மறுபடி கொடுத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. தோளில் போட்டு நடந்தேன். முதலில் பெரிதாக அழுதது. பிறகு தொண்டை கட்டிக்கொண்டது. பிறகு பூனைக்குட்டி மாதிரி மெலிந்த சத்தம் வந்தது. அந்தச் சத்தம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது கடைசிக் காம்பரா மருமகள் நனைந்துகொண்டு வந்தாள். அவளுக்குக் கிட்டத்து மலையில் வேலை. அவள் வாயாடி, எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பாள். தலையைத் துவட்டிவிட்டு மகனைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

"என்ன ஆயம்மா, அந்தக் கோடியில ஒரே கூவலா இருக்கு?"

"காலைல பத்து மணிக்குக் குடிச்சது."

"சேவல் வீட்டுப் புள்ளதானே. கூவத்தான் செய்யும்."

அவள் மகன் ஒரு பக்கம் குடித்துக்கொண்டிருந்தான். என் தோளில் அது அழுதுகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் போனது. அவள் கேலி நின்றுவிட்டது.

"ஆயம்மா, அதக் கொஞ்சம் தள்ளிக் கொண்டு போங்க."

"எங்க கொண்டு போறது? ஒரே காம்பராதானே."

"வெளியில கொண்டு போங்க."

"மழ பெய்யுது."

அவள் மறுபக்கச் சட்டையைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். மழையில் நனைந்த இடம் வேறு, இது வேறு. விரலுக்கு நடுவில் பால் கசிந்து வயிற்றில் ஒழுகியது. குழந்தை சத்தம் எழுப்பும் போதெல்லாம் அது கூடியது. அவள் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, சிரிப்பும் கோபமுமாகச் சொன்னாள்.

"பாருங்க ஆயம்மா. நான் நில்லுன்னா நிக்குதா? இது எங்க வீட்டு ஆளுங்க பேச்சக் கேக்குமா?"

எனக்குப் பிள்ளை இல்லை என்று சொன்னேன். அந்தச் சங்கதி எனக்குத் தெரியாது. சொந்தப் பிள்ளைக்குத்தான் சுரக்கும் என்று நினைத்திருந்தேன். எந்தப் பிள்ளை அழுகிறது, அது எந்த வீடு, அதன் பாட்டி கோயிலில் என்ன சொன்னாள் என்று அது விசாரிப்பதில்லை என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

"அந்தம்மா கற்பூரம் அடிச்சிருக்கு" என்றாள் அவள். "இது வாயில பட்டா கண்ணு போயிரும்னு சொல்லியிருக்கு. எனக்கு அந்தப் பாவம் வேணாம்."

"சத்தியம் பண்ணப்ப இது பொறக்கலையே" என்றேன்.

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அப்படிச் சொல்லவேண்டும் என்று நினைத்து வைத்திருக்கவில்லை. சொல்லிவிட்டுக் குழந்தையை அவள் மடியில் வைத்தேன். அது தேடிக்கொண்டு போய்ப் பிடித்துக்கொண்டது. அழுகை சட்டென்று நின்றதும் காம்பராவில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. அவள் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு பக்கமும் இரண்டு தலை.

அந்த நேரம் பார்த்துக் கங்காணி திரும்ப வந்தார், அவளை மலைக்குக் கூப்பிட.

"ஏம்மா, கொழுந்து நெறைய அப்பிடியே பாதியில போட்டுட்டு..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். "ரெண்டு புள்ளையா ஒனக்கு? எப்பப் பெத்த?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. கங்காணி வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் மழையத்தான் பார்த்தேன் ஆயா" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசி வரைக்கும் அவர் மழையைத்தான் பார்த்தார், யாரிடமும் வாய் திறக்கவில்லை.

சேவல் வீட்டு மருமகள் ஐந்து மணிக்கு வந்தாள். ஓடிவந்த ஓட்டத்தில் செருப்பு ஒன்றைக் காணோம். மார்பு கல்லாகிக் கையைத் தூக்க முடியாமல் இருந்தாள். பிள்ளையை வாங்கி வாயில் வைத்தாள். பிள்ளை ஒரு தரம் பிடித்தது, விட்டுவிட்டது. அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. மறுபடி வைத்தாள். தலையைத் திருப்பிக்கொண்டது.

ஏழு மணி நேரம் பால் குடிக்காத பிள்ளை அப்படிச் செய்யுமா? அதை நான் யோசிக்கவே இல்லை. பிள்ளை பெற்றவளாக இருந்தால் யோசித்திருப்பேன்.

"யாரு குடுத்தது ஆயம்மா?"

"சீனித் தண்ணி" என்றேன். என் வாழ்க்கையில் நான் தெரிந்து சொன்ன பொய் அதிகம் இல்லை. அது ஒன்று.

அவள் குழந்தையின் வாயை முகர்ந்து பார்த்தாள். காம்பராவைச் சுற்றிப் பார்த்தாள். இந்தக் கோடியில் கடைசிக் காம்பராத் தொட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. வேறு பால்குடிப் பிள்ளை அந்தச் சமயம் எங்களிடம் இல்லை. பிள்ளையைச் சேலையால் மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அத்தோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். மூன்றாம் நாள் அந்தக் குழந்தைக்குக் கண் நோவு வந்துவிட்டது. சிவந்து பீளை தள்ளி, காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்கவில்லையாம்.

கண். அந்த அம்மா கோயிலில் சொன்னதும் கண்தான். ஆத்தா பார்த்துவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன், பொய் சொல்வானேன்.

பத்து மணிக்கு மருமகள் வந்தாள், பிள்ளை இல்லாமல். பிள்ளையை மாமியாரே வீட்டில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் என் வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது, அழுது வீங்கியது.

"மாமி என்னையப் புடிச்சுக் கேக்குறாங்க. அந்த வீட்டுல என்ன வாங்கித் தின்ன, உண்மையச் சொல்லுன்னு. நான் ஒன்னும் சொல்லல. சொன்னா கடைசிக் காம்பரா அக்காவ முடியப் புடிச்சு இழுத்துருவாங்க."

"நீ ஒன்னும் வாங்கித் திங்கலயே."

"அதையும் சொன்னேன். நம்பல. ஞாயித்துக்கெழமைக்குள்ள புள்ளைக்குக் கண்ணு தெறக்காட்டி நான் கலவானைக்குப் போயிரணுமாம். நான் வந்ததுனாலதான் எல்லாமாம். புள்ள இங்கயே இருக்கட்டுமாம்." கூடையைக் கீழே வைத்தாள். "பாலும் தாயும் இல்லாம புள்ள எப்பிடி இருக்கும் ஆயம்மா?"

பொய் சொன்னாயே என்று அவள் சொல்லவில்லை. கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் மிட்வைப் மிஸ்ஸி வந்தார். சிங்களப் பெண், குடையும் பையுமாகத் தோட்டம் தோட்டமாக நடப்பவர். பிள்ளைகளின் கண்ணைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "ஹெமோடம ஹெதிலா" என்றார். எல்லாருக்கும் வந்துவிட்டது என்று. அப்போதுதான் நானும் எண்ணிப் பார்த்தேன். ஏழு பிள்ளைகளுக்குக் கண் சிவந்திருந்தது. கீழே கிராமத்திலும் இதே கதைதானாம். கொதிக்கவைத்து ஆறின தண்ணீரில் துடைக்கச் சொன்னார், ஆளுக்கு ஒரு துணி, டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிப் போடச் சொன்னார். கடைசிக் காம்பராப் பையனுக்குக் கண் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. அதையும் பார்த்தேன்.

வேலை முடிந்து போய்க் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனேன். சேவல் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். நின்று சொல்லலாம் என்றுதான் போனேன். நிற்க முடியவில்லை. தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து, வீட்டில் ஊற்றிவிட்டு, மறுபடி போனேன். அப்போதும் முடியவில்லை. மூன்றாம் தரம் வரும்போது அந்த அம்மாவே கூப்பிட்டார். வாசலில் உட்கார்ந்து கையில் எண்ணெய் பூசிக்கொண்டு பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"என்ன புள்ள, மூணு தரம் தண்ணிக்குப் போயிட்ட. வீட்டுல ஒத்த ஆளு. கலியாணம் ஏதும் வச்சிருக்கியா?"

"ஒங்க பேத்திக்கு நான் பால் குடுத்தேன்க்கா."

"நீயா? ஒனக்கு ஏதுடி பாலு?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, பயத்தில்.

"என்னோடது இல்ல. கடைசிக் காம்பரா மருமகளோட பால். ஏதண்ட முங்குன அன்னைக்கு. நான்தான் தூக்கி அது மடியில வச்சேன். ஒங்க மருமக அப்ப ஆத்துக்கு அந்தப் பக்கம், அதுக்கு ஒன்னும் தெரியாது. பால் குடுத்தவளும் வேணாம்னுதான் சொன்னா. செஞ்சது நான்."

கத்தி நின்றுவிட்டது. உள்ளே குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது.

"எத்தன மணிக்கு?"

"மூணு இருக்கும்."

"பத்து மணிக்குக் குடிச்சதா?"

"ஆமா."

"சீனித் தண்ணி குடுக்கிறதுதானே?"

"துப்பிருச்சுக்கா."

"பலகைல எழுதியிருக்கு, தாய்தான் குடுக்கணும்னு. நான் கணக்கப்பிள்ளகிட்டச் சொன்னா ஒன் வேல போயிரும். தெரியும்ல?"

"தெரியும்."

"நான் ஆத்தா முன்னாடி என்ன சொன்னேன்னும் தெரியும்ல?"

"தெரியும். எங்க வீட்டு வாயில பட்டான்னு சொன்னீங்க. அன்னைக்கு இந்த வாய் இல்லையேக்கா." குடம் இடுப்பிலேயே இருந்தது. "ஏழு புள்ளைக்குக் கண்ணு வந்திருக்கு. மிஸ்ஸி பார்த்தாங்க. கணக்கப்பிள்ளை ஐயா புள்ளைக்கும் வந்திருக்கு. அவங்க எந்தச் சேவலுக்கும் சத்தியம் பண்ணல."

இவ்வளவும் நான் பேசினேனா என்று இப்போது எழுதும்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. பேசினேன் என்றுதான் நினைவு.

அந்த அம்மா ரொம்ப நேரம் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அடி விழும் என்றுதான் நின்றேன். அவர் வேறு ஒன்று கேட்டார், தொண்டையைத் தாழ்த்திக்கொண்டு.

"நல்லாக் குடிச்சிச்சா?"

"குடிச்சிச்சுக்கா. வயிறு நெறைஞ்சு அப்பிடியே தூங்கிருச்சு."

"ம்" என்றார். பிறகு, "போ. தண்ணிய இடுப்புல வச்சுக்கிட்டு நிக்கிற" என்றார்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் கோயிலுக்குப் போனார். கையில் கற்பூரம் மட்டும். நானும் இன்னும் நாலைந்து பெண்களும் தள்ளி நின்றோம். அவர் யாரையும் பார்க்கவில்லை. சாமியிடமும் சண்டைக்குப் போனவர் மாதிரித்தான் பேசினார்.

"ஆத்தா, சொன்னது நான். வாய் என்னோடது. கண்ணு வேணும்னா என் கண்ண எடுத்துக்க. எனக்குப் பின்னால வந்ததுங்க ஒன்னும் சொல்லல. அதுங்கள விட்டுரு."

கற்பூரத்தைக் கொளுத்தினார். எல்லாரும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அடிக்கவில்லை. அது எரிந்து தானாக அணையும் வரைக்கும் அங்கேயே நின்றார். பிறகு வீட்டுக்குப் போய் மருமகளிடம், "தண்ணிய நல்லாக் கொதிக்கவையி, ஆளுக்கு ஒரு துணியாம்" என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தை இரண்டு கண்ணையும் திறந்திருந்தது. மருமகள் கலவானைக்குப் போகவில்லை, பீலியில் நின்றாள். கடைசிக் காம்பரா மருமகளும் குடத்தோடு நின்றாள். இருவரும் பேசவில்லை. சேவல் வீட்டு மருமகளின் குடம் நிறைந்ததும் மற்றவள் குனிந்து ஒரு கை கொடுத்து இடுப்பில் தூக்கிவிட்டாள், அவ்வளவுதான். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெரியவர்கள் இரண்டு பேரும் மட்டும் கடைசி வரைக்கும் பேசிக்கொள்ளவில்லை. கடைசிக் காம்பரா பெரியவர் இறந்த அன்று சேவல் வீட்டு அம்மா ஒரு வாளி தேயிலைச் சாயத்தண்ணீர் ஊற்றி, தானே தூக்கிக்கொண்டு போய் அந்த வாசலில் வைத்தார். வாங்கிக் குடித்தார்கள்.

பிள்ளைக் காம்பராவில் அதற்குப் பிறகு யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. ஏதண்ட முங்கினால் பால் இருப்பவள் உட்காருவாள், அழுகிற பிள்ளையை நான் கொண்டுபோய் வைப்பேன். தாய் வந்து பிள்ளை குடிக்காமல் திரும்பிக்கொண்டால் யார் என்று கேட்கமாட்டாள். தொட்டிலை எந்தக் கோடியில் கட்டவேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை. பலகை அதே இடத்தில்தான் இருந்தது. அதையும் நான் வாரத்துக்கு ஒரு தரம் துடைத்தேன். அதில் எழுதியிருந்ததும் தப்பில்லை டீச்சர், நோய் தொற்றும் என்றுதான் எழுதியிருப்பார்கள். சீக்குள்ள தாயை நான் உட்காரவைத்ததில்லை.

சேவல் வீட்டு அம்மாவுக்கு நாலைந்து வருடம் முன்னால் கண்ணில் பூ விழுந்தது. ஆளைத் தெரியவில்லை, குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். ஒரு நாள் நான் போனபோது, "யாரு, பால்காரியா?" என்றார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார், பிள்ளை பெறாத என்னை. "பார்த்தியா, ஆத்தா மறக்கல. கொஞ்சம் நேரங்கழிச்சு வந்திருக்கா" என்று சிரித்தார். பிறகு இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் வெட்டி, கண் தெரிய ஆரம்பித்துவிட்டது. துணைக்குப் போனவள் அந்த மருமகள்தான். திரும்பி வந்து முதலில் பேத்தியைக் கூப்பிட்டு முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

அந்தப் பேத்தி இப்போது டவுன் பள்ளிக்குப் போகிறாள். கடைசிக் காம்பராப் பையனும் அதே பஸ்தான். அவனை அண்ணன் என்று கூப்பிடுகிறாள், யார் சொல்லிக்கொடுத்தது என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் ஜன்னல் பக்கத்துக்கு இருவரும் அடித்துக்கொள்வார்களாம்.

டீச்சர், இதில் பிழை இருக்கும். மலை பத்தாம் நம்பரா பன்னிரண்டா என்று கங்காணி மகனிடம் கேளுங்கள். கண் வந்த பிள்ளைகள் ஏழா எட்டா என்று மிஸ்ஸி புத்தகத்தில் இருக்கலாம். இன்னும் ஒன்று. குழந்தையை நான்தான் மடியில் வைத்தேன் என்று இத்தனை வருடமும் சொல்லிவருகிறேன். அந்த அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன், பால் கொடுத்தவள் மேல் பழி வரக்கூடாது என்று. இப்போது எழுதும்போது நினைத்துப் பார்த்தால், நான் குனிவதற்கு முன்பே அவள் கை நீண்டிருந்த மாதிரியும் இருக்கிறது. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. பையனை இங்கே தகப்பனோடு விட்டுவிட்டு அவள் இப்போது எஹலியகொடைப் பக்கம் தங்கச்சி வீட்டோடு இருக்கிறாள். அந்த வழியாகப் போனால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டு, தப்பாக இருந்தால் திருத்திவிடுங்கள்.